இடது கை தூக்கினால் தெரியாது

நவம்பர் 7, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். பாவாடை ஓரமெல்லாம் சேறு. இந்த டைரி அப்பா பஸ்ஸில் யாரோ விட்டுப் போனது. கேட்டு யாரும் வரவில்லை. போன வருஷத்து டைரி, கிழமை எல்லாம் தப்பு. அடித்துவிட்டு எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் பேசக் கூடாது. வீட்டில் பேசினால் அம்மாவுக்குத் தலைவலி. எழுதினால் யாருக்கு என்ன வலி?

இன்றைக்கும் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று போட்டு என் பெயர் மட்டும். தவமணி. லீடர் சரோஜா எழுதினாள். கேட்கிற ஆள் இல்லாமல் தனியாகப் பேச நான் என்ன ரேடியோவா? அதைக் கேட்டேன். பெயருக்கு அடியில் கோடு போட்டாள்.

நடந்தது இதுதான். கமலம் டீச்சர் (இனிமேல் க.டீ. முழுப் பெயர் எழுத இஷ்டமில்லை) பூகோளம் எடுத்தார். நம் பக்கம் மலை மறைப்பதால் மழை குறைவு என்றார். வெளியே கொட்டுகிறது. "அப்ப இப்பப் பெய்யுறது என்ன டீச்சர்?" என்றேன். வகுப்பே சிரித்தது. க.டீ. சிரிக்கவில்லை.

"அதிகப்பிரசங்கி. எந்திரிச்சுக் கடைசி பெஞ்சுக்குப் போ."

போனேன். அங்கே ஜன்னல் இருக்கிறது. ஒரு நஷ்டமும் இல்லை.

நஷ்டம் வேறு இடத்தில். தீபாவளிக்கு முன்னால் க.டீ. அப்பாவை வரச் சொல்லி என்னைப் பற்றி ஒரு பாட்டம் அழுதார். அப்பா பஸ் கண்டக்டர். நாள் முழுக்கக் கத்திவிட்டு வருவதால் வீட்டில் வாயே திறக்க மாட்டார். அன்றைக்குத் திறந்தார்: "இன்னொரு பிராது வந்துச்சு, பள்ளிக்கூடம் கெடையாது. சின்னாளப்பட்டி அத்தை வீட்டுக்குப் போயிரு."

அத்தை வீட்டில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவார்கள். புள்ளி புள்ளியாக நூலால் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். "அங்கன போயி எம்புட்டு வேணாலும் பேசிக்கிட்டே முடிச்சுப் போடலாம்டி" என்கிறாள் அம்மா. எனக்கு வேண்டாம். நான் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கணும். டெலிபோன் ஆபீசில் வேலைக்குப் போகணும். அங்கே பேசினால் சம்பளம் தருகிறார்களாம்.

நவம்பர் 9, புதன்

மழை விட்டது. வெயில் சுள்ளென்று. அம்மா வடகம் காயப்போட்டாள், காக்காய் ஓட்டினேன். கணக்கில் எழுபத்தெட்டு.

செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டரம்மா வருகிறார்களாம். பெரிய டீச்சர் (தலைமை ஆசிரியை) ஒவ்வொரு வகுப்பாக வந்து நகம், தலை, ரிப்பன் எல்லாம் பார்த்தார். சுவரில் ஒட்டடை அடிக்கச் சொன்னார். நாங்கள்தான் அடித்தோம். கண்ணெல்லாம் தூசி.

பிறகு க.டீ. கதவைச் சாத்திவிட்டு ஒன்று சொல்லிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டரம்மா என்ன கேட்டாலும் எல்லாரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை. தெரியாதவர்கள் இடது கை. க.டீ. வலது கை தூக்கியவர்களை மட்டும் பார்த்து எழுப்புவார். இன்ஸ்பெக்டரம்மாவுக்கு, அடேங்கப்பா, வகுப்பு முழுவதும் கெட்டி என்று தோன்றும்.

கெட்டிக்காரத்தனம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஒத்திகை பார்த்தோம். பக்கத்துப் பெஞ்சு ஆரோக்கியமேரி பயத்தில் இடது வலது மறந்து இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். சாமி கும்பிடுகிறாளா என்று கேட்டேன். கடைசி இரண்டு பெஞ்சும் சிரித்தது.

"தவமணி! நீ எந்தக் கையையும் தூக்காதே. வாயையும் தொறக்காதே."

"தெரிஞ்சாலுமா டீச்சர்?"

"தெரிஞ்சாலும்தான்."

அப்புறம் எதற்காகத் தெரிந்துகொள்வது? இதை மனசுக்குள்தான் கேட்டேன். எனக்கும் கொஞ்சம் புத்தி உண்டு.

நவம்பர் 11, வெள்ளி

மதியம் புளிச்சோறு, வெஞ்சனத்துக்குத் துவையல். ஆரோக்கியமேரி கருவாடு கொண்டுவரவில்லை, வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. பாதித் துவையல் அவளுக்கு. சாப்பிடும்போது என்னைக் கதை சொல்லச் சொன்னாள். சொல்லிச் சொல்லி என் சோறு ஆறிப்போனது. இவளுக்குக் கேட்கப் பிடிக்கும், எனக்குச் சொல்லப் பிடிக்கும். இதில் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது?

நாலு மணிக்கு க.டீ. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"செவ்வாக்கெழமை நீ வராதே. காய்ச்சல்னு லீவு சொல்லிரு."

"காய்ச்சல் வரலைன்னா டீச்சர்?"

முறைத்தார். நான் உண்மையில் சந்தேகம்தான் கேட்டேன். இவருக்கு என் சந்தேகமெல்லாம் திமிர்.

அம்மாவிடம் சொன்னேன். "டீச்சரே சொல்றப்ப உனக்கு என்ன கேடு? வீட்டுல கெட. மாவாட்டணும்."

மாட்டேன். மற்றவர்களெல்லாம் நல்ல பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருக்க, நான் மட்டும் ஒட்டடை மாதிரி வெளியே போகணுமா? போவேன். கை தூக்க மாட்டேன், வாய் திறக்க மாட்டேன். ஆனால் என் இடத்தில் இருப்பேன்.

நவம்பர் 15, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

போனேன். என்னைப் பார்த்ததும் க.டீ. முகம் சுண்டிவிட்டது. அதற்குள் பெரிய டீச்சரும் இன்ஸ்பெக்டரம்மாவும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டரம்மாவுக்கு வெள்ளைக் கதர்ச் சேலை, மூக்குக் கண்ணாடி, கையில் குடை.

காவிரி எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டார். வகுப்பு முழுவதும் கை. என்னைத் தவிர. க.டீ. சரோஜாவைக் காட்டினார். "குடகு." அடுத்தது, அதற்கடுத்தது எல்லாம் சரி. பெரிய டீச்சர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அப்புறம்தான் வந்தது வினை. "நீங்க இருங்க டீச்சர், நானே எழுப்புறேன்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. வட்டத்தின் பரப்பளவு எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். எல்லாரும் கை தூக்கினார்கள். குடையை நேரே ஆரோக்கியமேரி பக்கம் நீட்டினார்.

அவள் தூக்கியிருந்தது இடது கை. எழுந்தாள். கை இறங்கவில்லை. வாயும் திறக்கவில்லை.

"தெரியாமையா கை தூக்குனே?"

அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

"எட்டாவது படிக்கிற பொண்ணு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். இந்தப் பொய் எங்க கத்துக்கிட்டே?"

அப்போது க.டீ. சொன்னார். என் காதால் கேட்டேன். "அது எப்பவுமே இப்படித்தாங்க. பொய் சொல்ற பொண்ணு."

ஆரோக்கியமேரி பொய் சொல்கிற பெண்ணாம். பென்சில் கடன் வாங்கினால் சீவித் திருப்பிக் கொடுக்கிறவள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன்.

"அவ பொய் சொல்லலைங்கம்மா. இடது கையைத்தான் தூக்குனா. இடது கைன்னா தெரியாதுன்னு அர்த்தம். டீச்சர்தான் அப்படித் தூக்கச் சொன்னாங்க."

வெளியே ரிக்சா மணி கேட்டது.

இன்ஸ்பெக்டரம்மா வகுப்பைப் பார்த்தார். இன்னும் எல்லார் கையும் மேலேதான். "சரி. இடது கை தூக்குனவங்க எல்லாம் இறக்குங்க" என்றார். பொலபொலவென்று இறங்கின. சரோஜா கையும் இறங்கியது! மிச்சம் நின்றது நாலைந்து கை.

இன்ஸ்பெக்டரம்மா குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பெரிய டீச்சர் பக்கம் ஒரு பார்வை, அவ்வளவுதான். வெளியே போய்விட்டார். க.டீ. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நானே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேறு வாயால் போவதற்கு என் வாயாலேயே போகட்டும். அப்பா ஒன்றுதான் கேட்டார்.

"நீ சொன்னது நெசமா?"

"நெசம்ப்பா."

முகம் கழுவப் போய்விட்டார். அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டாள். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கியாடி நீ!"

நவம்பர் 16, புதன்

பெரிய டீச்சர் அறை. உட்காரச் சொல்லவில்லை.

அவர் கேட்டது இவ்வளவுதான். இன்ஸ்பெக்டரம்மா வெள்ளிக்கிழமை திரும்பவும் வருவார். நான் அவர் முன்னால் நின்று, "விளையாட்டுக்குச் சொல்லிட்டேன், டீச்சர் அப்படி எதுவும் சொல்லிக் கொடுக்கலை" என்று சொல்ல வேண்டும். சொன்னால் பள்ளிக்கூடம். சொல்லாவிட்டால் டி.சி.

"கை தூக்கினதை அவங்களே பார்த்தாங்களே டீச்சர்" என்றேன்.

"நீங்க பிள்ளைகளாச் சேர்ந்து விளையாண்டதுன்னு சொல்லு. மத்தவங்க எல்லாரும் சொல்லியாச்சு."

மற்றவர்கள் என்றால் சரோஜாவா என்று நினைத்தேன். ஆரோக்கியமேரியுமாம்! மதியம் அவளைப் பிடித்துக் கேட்டேன்.

"உன்னைய யாருடி எனக்காகப் பேசச் சொன்னா? ரெண்டு திட்டு வாங்கிட்டு உக்காந்திருப்பேன். இப்ப ஊரே என்னையப் பாக்குது" என்று அழுதாள். பிறகு அவள் தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. வந்தது என்று எழுதிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள். டி.சி. என்று கேட்டபோது வரவில்லை. இதற்கு வந்தது.

ஆனாலும் அவள் பொய் சொல்கிற பெண் இல்லை. நேற்று வரைக்கும் இல்லை.

நவம்பர் 17, வியாழன்

திரும்ப மேகம். சோப்பு, சீயக்காய், தங்கச்சிப் பாப்பாவுக்குக் கிரைப் வாட்டர் வாங்கணும் (அம்மா சொன்னது, மறந்தேன், திட்டு).

பள்ளிக்கூடம் விட்டதும் க.டீ. கிணற்றடியில் காத்திருந்தார். யாரும் இல்லை. எட்டாம் வகுப்புக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக "உக்காருடி" என்றார். உட்கார்ந்தேன்.

"எனக்கு இன்னும் வேலை நெரந்தரமாகலை தவமணி. இந்த ரிப்போர்ட் கெட்டுப்போச்சுன்னா எடுத்துருவாங்க. வீட்டுல எங்கம்மா படுத்த படுக்கை. நான் ஒருத்திதான். நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. இந்த வருஷம் முழுக்க இவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன், இவருக்கு அம்மா இருப்பார் என்றே தோன்றவில்லை.

"டீச்சர், ஆரோக்கியமேரி பொய் சொல்ற பொண்ணு இல்லைன்னு நீங்க வகுப்புல சொல்லுங்க. நான் இன்ஸ்பெக்டரம்மாகிட்ட, டீச்சர் நல்லாப் பாடம் எடுப்பாங்க, வேலைல வச்சுக்கங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன். நெசமாக் கேக்குறேன்."

முகம் மாறிவிட்டது. "எங்கிட்டயே பேரம் பேசுறியா நீ?" எழுந்து போய்விட்டார்.

பேரமா அது? இரண்டு பேரும் உண்மையைச் சொல்லலாம் என்றேன். அதுவும் திமிராம்.

பாவம்தான். இப்போதும் பாவம் என்றுதான் நினைக்கிறேன். அதற்காக, நடந்ததை நடக்கவில்லை என்று நான் சொல்லணுமா? அவர் வேலைக்காக ஆரோக்கியமேரி பொய்க்காரி, நான் பொய்க்காரி. நாளைக்கு இன்னொருத்தி.

நவம்பர் 18, வெள்ளி

டி.சி. வாங்கியாச்சு. எப்படி என்று எழுதினால்தான் தூக்கம் வரும்.

அம்மா என்னைச் சொல்ல வைப்பதற்காகவே வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைச் சேலை. வழியெல்லாம் ஒரே பாட்டு. "சொல்லிருடி. ஒரு பொய்தானே. நான் உங்கப்பாகிட்ட தெனமும் சொல்றேன்." நான் அவளிடம் சொல்லிவிட்டேன், அம்மா என் சார்பில் மன்னிப்புக் கேட்டால் வீட்டில் சோறு தின்ன மாட்டேன் என்று. "தின்னாட்டிப் போ, மிச்சம்" என்றாள்.

பெரிய டீச்சர் மேசைக்கு அந்தப் பக்கம். க.டீ. ஓரமாக. இன்ஸ்பெக்டரம்மா இன்னும் வரவில்லை. வருவதற்குள் ஒரு தடவை சொல்லிக் காட்டச் சொன்னார்கள். ஒத்திகை!

நான் வாய் திறக்கவில்லை. அம்மா இடுப்பில் கிள்ளினாள். திறக்கவில்லை.

"பேசு! நாள் முழுக்கப் பேசுவியே, இப்ப என்ன? பேசுடி!" க.டீ. குரல் உடைந்துவிட்டது.

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கே ஆச்சரியம். இவ்வளவு நேரம் சும்மா இருக்க எனக்கு வருமா?

அம்மா கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். "சின்னப் புள்ளைங்க டீச்சர், தெரியாமப் பேசிருச்சு, பெரிய மனசு பண்ணி..." நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெரிய டீச்சர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "டிக்கெட் கிழிக்காமக் காசை மடியில போடுற வீட்டுல புள்ளைக்கு உண்மையப் பத்தி என்ன தெரியும்?" என்று க.டீ. பக்கம் திரும்பிச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். அம்மாவுக்குப் பாம்புக் காது.

"என்ன சொன்னீங்க?"

"உங்களைச் சொல்லலைம்மா."

"வேற எந்தக் கண்டக்டரும் இங்கன இல்லையே. என்ன சொன்னீங்கன்னு கேக்குறேன்." கட்டிய கை அவிழ்ந்துவிட்டது. "எம் புருசன் காய்ச்சலோட கெடந்தப்பக்கூட கணக்கைக் குடுத்துட்டுத்தான் படுத்தாரு. பூக்கூடை ஏத்துற பொம்பளைகிட்ட ஒரு முழம் பூ ஓசியா வாங்கினதில்லை. எம் மகள் வாயாடிதான். நானே சொல்றேன், வாயாடி. ஆனா பொய் சொல்லச் சொல்லி நிக்க வச்சிருக்கிறது யாரு, நானா நீங்களா? கையத் தூக்கிக் காட்டுங்க பாப்போம், எந்தக் கைன்னு!"

இன்னும் பேசினாள். பள்ளிக்கூடத்துக் குடிதண்ணீர், ஒட்டடை அடிக்க வைத்தது, ரிப்பன் விலை, எல்லாம் வந்தது. மூச்சு விட்டாளா என்று தெரியவில்லை. ஜன்னலில் ஏழாம் வகுப்பு முழுவதும் எட்டிப் பார்த்தது. கடைசியில், "எழுதுங்க டி.சி.யை!"

எழுதினார்கள், இன்ஸ்பெக்டரம்மா வருவதற்குள்.

வாசலைத் தாண்டி, சோடாக்கடையைத் தாண்டி, தெருமுனை வரைக்கும் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ராணி மாதிரி நடந்தாள். அப்புறம் சட்டென்று நின்றாள்.

"அடியே... நான் என்ன பண்ணித் தொலைச்சேன்? உன்னைய உள்ள வைக்க வந்துட்டு வெளிய இழுத்துட்டு வந்துட்டேனே." முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளணும் போல இருந்தது. தெருவாக இருந்ததால் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அப்பா ராத்திரி வந்தார். டி.சி.யை விளக்கில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். மடித்து, டிக்கெட் கட்டு வைக்கிற தோல்பையில் வைத்தார்.

"திங்கக்கெழம மொத டிரிப்புல எங்கூட வா ஆத்தா."

அவ்வளவுதான். அப்பா பஸ் சின்னாளப்பட்டி வழியாகத்தான் போகிறது.

நவம்பர் 20, ஞாயிறு

அம்மா துணிப்பையில் இரண்டு பாவாடை, தாவணி, சீப்பு, தேங்காயெண்ணெய்ப் புட்டி வைத்தாள். அத்தைக்கு முறுக்கு. நான் பூகோளப் புத்தகத்தையும் உள்ளே சொருகினேன். அம்மா பார்த்தாள், எடுக்கவில்லை.

ஆரோக்கியமேரி பூசை முடிந்து வரும்போது எங்கள் தெரு வழியாகப் போனாள். நின்றாள். நானும் நின்றேன். போய்விட்டாள்.

அப்பாவிடம் கேட்டுப் பார்க்கலாமா என்று இருக்கிறது. கெஞ்ச மாட்டேன். முடிச்சுப் போட்டாலும் போடுவேன், நான் சொன்னது தப்பு என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

கோபமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. தூங்கணும்.

நவம்பர் 21, திங்கள்

இடம் கிடைத்துவிட்டது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நல்ல பனி. பஸ்ஸில் காலிப் பூக்கூடைகள், நேற்றைய மல்லிகை வாசம். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மடியில் துணிப்பை. அப்பா டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தார். எனக்கும் ஒன்று கிழித்து, சில்லறையைத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தோல்பையில் போட்டார். நான் டிக்கெட்டைப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது.

சின்னாளப்பட்டியில் நின்றது. நெசவுக்காரர்கள் மூட்டையோடு இறங்கினார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

"எங்க எந்திரிக்கிறே? உக்காரு."

"அத்தை வீடு?"

அப்பா விசில் ஊதிவிட்டார். பஸ் கிளம்பிவிட்டது. டிக்கெட்டைப் பார்த்தேன். நிலக்கோட்டை.

"அப்பா, அங்க எதுக்குப்பா? அங்க யாரு இருக்கா? அப்பா..."

"செத்த நேரம் பேசாம வா."

நிலக்கோட்டையில் பூக்கூடை ஏற்றுவதற்குள் என்னை இழுத்துக்கொண்டு ஹைஸ்கூலுக்கு நடந்தார். பையன்களும் பெண்களும் சேர்ந்து படிக்கிற இடம். தினமும் அப்பா பஸ்ஸிலேயே போய் வரலாமாம். அதெல்லாம் அப்பாவே யோசித்து வைத்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லாமல்!

ஹெட்மாஸ்டர் வயதானவர், பொடி போடுகிறார். டி.சி.யைப் படித்தார். 'நடத்தை' என்கிற இடத்தில் விரலை வைத்தார்.

"திருப்தி இல்லைன்னு எழுதியிருக்கே. வருசம் நடுவுல வேற. என்னய்யா நடந்துச்சு?"

அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என்ன சொல்வாரோ? சின்னப் பிள்ளை, தெரியாமல் பேசிவிட்டது, இனிமேல் பேசாது என்று சொல்லிவிட்டால்?

"அவளே சொல்லுவா சார்" என்றார்.

சொன்னேன். மழையிலிருந்து ஆரம்பித்தேன். கடைசி பெஞ்சு, வலது கை, இடது கை, ஆரோக்கியமேரி, கிணற்றடி, அம்மா. க.டீ.யின் அம்மா படுத்த படுக்கை என்பதையும் விடவில்லை. சார் பொடி மட்டையைத் திறந்தவர் போடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ரோட்டிலிருந்து எங்கள் பஸ் ஹாரன் அடித்தது. பூ ஏற்றியாச்சு, கண்டக்டரைக் காணோம். திரும்ப அடித்தது. விடாமல் அடித்தது.

அப்பா அசையவில்லை. நான் பாதிதான் சொல்லியிருந்தேன்.